“அந்தரமா இரிக்கி மனே”

கேள்வி: ஐயா, தம்பி கட்டாருக்குப் போய் மூணு மாசம். பஸ் ஏத்திவிட்டு வந்த நாள்ல இருந்து அம்மா “அந்தரமா இரிக்கி மனே” எண்டுதான் சொல்றா. கவலையா எண்டா இல்ல, பயமா எண்டா இல்ல, எங்கயும் நோகுதா எண்டா அதுவும் இல்லையாம். கிளினிக் டொக்டர் வெளியூர்க்காரர், அவருக்கு விளங்கல்ல, எனக்கும் விளக்கத் தெரியல்ல. அந்தரம் எண்டா சரியா என்ன?
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, அம்மா சரியான சொல்லைத்தான் பிடிச்சிருக்கா. அது வடமொழியில இருந்து வந்த சொல், நடுவுல உள்ள வெளி, ஆகாயம் எண்டு அர்த்தம், அந்தரத்துல தொங்குது எண்டு சொல்றமே அதுதான். நம்மட ஆக்கள் அதை நெஞ்சுக்குள்ள கொண்டுவந்து வச்சிட்டாங்க, கால் நிலத்துல படல்ல, பிடிக்கிறதுக்குக் கொப்பும் இல்ல, மனசு அப்பிடி நிக்கிறதுதான் அந்தரம்.

பஸ்ஸுக்கு ஓடுற ஆளுக்கு “அந்தரப்படாத” எண்டா அவசரப்படாத எண்டு அர்த்தம். “ஆபத்து அந்தரத்துக்கு உதவுற மனுசன்” எண்டா இக்கட்டுக்கு. ஒருத்தருமில்லாம நிக்கிறவன் “அந்தரிச்சுப் போனன்” எண்டுவான். தொல்காப்பியத்துல, மனசுல உள்ளது உடம்புல தெரியிறதைச் சொல்ற மெய்ப்பாட்டியல் எண்ட பகுதி நகை, அழுகை, அச்சம் எண்டு எட்டைச் சொல்லிட்டு அதோட விடாம இன்னும் 32ஐச் சொல்லுது, அதுக்குள்ள விரைவு, கையாறு (செய்யிறதறியாம நிக்கிறது), நடுக்கு (நடுக்கம்) மூணும் தனித்தனியா இருக்கு (அதை வாசிக்கிற நேரமெல்லாம் நம்மட ஊர் அம்மாமாரத்தான் நினைப்பன்). உங்கட அம்மா மூணையும் ஒரே சொல்லுல சொல்லிப்போட்டா. 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிப் பக்கம் ஆக்களைத் தேடித் திரிஞ்ச நாட்கள்ல எனக்கும் அழுகை வரல்ல, குந்தவும் ஏலாம நிக்கவும் ஏலாம இருந்திச்சு, கேட்டவங்களுக்கு அந்தரமா இருக்கு எண்டுதான் சொன்னன், அவங்களும் மேல ஒண்டும் கேக்கல்ல.

அதனால ஏன், எதுக்கு எண்டு கேட்டு அம்மாவ நெருக்காதீங்க. டொக்டரிட்ட பதட்டம் எண்டு மாத்திச் சொன்னா பாதிதான் போய்ச்சேரும், அந்தரம் எண்டே சொல்லுங்க, அதோட நித்திரை எப்பிடி, சோறு இறங்குதா, நெஞ்சு படபடக்குதா, எந்த நேரம் கூடுது எண்டதையும் சொல்லுங்க. நித்திரையே இல்லாம நாள் கணக்காப் போனா சுணங்காதீங்க, இலங்கையில மனநல உதவிக்கு உள்ள 1926 எண்ட நம்பருக்கு எடுத்தாலும் ஆலோசனை கேக்கலாம்.

தம்பி எந்த நேரம் கோல் எடுக்கிறார்? அம்மாவுக்குப் பொழுதுபடுற நேரம்தான் கூடுது எண்டா, அந்த நேரம் பாத்து எடுக்கச் சொல்லுங்க.