போஸ்ட்டாக் விண்ணப்பத்துக்கு பயோடேட்டா போதுமா?

கேள்வி: வேதியியலில் பிஎச்.டி. முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். இங்கிலாந்தில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுகிறேன். இரண்டு கட்டுரைகள் வெளிவந்துள்ளன, மூன்றாவதை அனுப்பியிருக்கிறேன். சீனியர் ஒருவரின் பயோடேட்டாவைப் பார்த்து ஐந்து பக்கத்தில் சிவி தயாரித்தேன். இது சரியா?

பதில்: ஐந்து பக்கம் இருப்பதில் தவறில்லை. முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைமாறிக் கைமாறி வரும் இந்த பயோடேட்டாக்களில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண விவரம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்றே அந்தப் பக்கம் தீர்ந்துவிடும். கடைசியில் ஓர் உறுதிமொழியும் கையெழுத்தும் வேறு. இங்கிலாந்துக்கு இவை எதுவும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். நம் ஊர்க் கல்லூரி வேலைக்கு நெட், செட் தகுதித் தேர்வுகள், மதிப்பெண் எல்லாம் கேட்பார்கள். அதற்குத் தனியாக ஒரு சிவி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தில் படிப்பு, ஆய்வுத் தலைப்பு, வழிகாட்டி பெயர், அப்புறம் ஆய்வில் நீங்கள் கண்டது என்ன என்று நான்கு வரி. உடனே கட்டுரைகள். எல்லா ஆசிரியர் பெயர்களையும் அச்சான வரிசையிலேயே கொடுத்து, உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண் கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாவது கட்டுரைக்கு நம்மவர்கள் வழக்கமாக 'கம்யூனிகேட்டட்' என்று போடுவார்கள். வெளிநாட்டில் அந்தச் சொல் பலருக்குப் புரியாது. 'சப்மிட்டட்' என்றோ, மதிப்பாய்வுக்குப் போய்விட்டதென்றால் 'அண்டர் ரிவ்யூ' என்றோ எழுதுங்கள். ஏற்புக் கடிதம் கையில் வராமல் 'அக்செப்டட்' என்று எழுதவே கூடாது. வழிகாட்டி சம்மதித்தால் வேதியியல் கட்டுரைகளை இதழில் வரும் முன்பே வெளியிடும் கெம்ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாக ஏற்றி, அந்த இணைப்பைக் கொடுங்கள். படித்தே பார்த்துவிடுவார்கள்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் கருவிப் பட்டியல். எக்ஸ்ஆர்டி, செம், டெம், என்எம்ஆர் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதில் பாதி, ஐஐடி மெட்ராஸ் சைஃப் போன்ற பொதுக் கருவி மையத்துக்கு சாம்பிள் அனுப்பி டேட்டா வாங்கியதாக இருக்கும். நேர்காணலில், 'எக்ஸ்ஆர்டி சாம்பிளை எப்படித் தயார் செய்தீர்கள், ஸ்கேன் வேகம் என்ன வைத்தீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், தெரிந்துவிடும். அதனால் இரண்டாகப் பிரியுங்கள்: 'நானே இயக்கியவை', 'தரவை மட்டும் பகுத்தாய்ந்தவை'. இரண்டாவது ஒன்றும் குறைவான திறமை இல்லை. ஒரு என்எம்ஆர் நிறமாலையைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவரை எந்த ஆய்வகமும் விரும்பும்.

2020 ஊரடங்கில் குவிந்த வெபினார் சான்றிதழ்களை மொத்தமாக எடுத்துவிடுங்கள். கருத்தரங்குகளில் நீங்கள் பேசியதும் போஸ்டர் வைத்ததும் மட்டும் போதும்.

பரிந்துரைப்பவர்கள் இரண்டு மூன்று பேர். வழிகாட்டி கட்டாயம்; உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த டாக்டரல் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் இருந்தால் நல்லது. ஜிமெயிலை விட அவர்களுடைய பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியே மேல். முக்கியமாக, பெயரைப் போடும் முன் நேரில் கேட்டுவிட்டு, இதே சிவியின் பிரதியை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். கடிதம் எழுத உட்காரும்போது அவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.