எடை குறைந்த ரன்னிங் ஷூ: சாலையில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 41 வயது, உடல் எடை 74 கிலோ. சென்னையில் வாரத்துக்கு நான்கு நாட்கள், மொத்தம் 40 கி.மீ. அளவுக்குச் சாலையில் ஓடுகிறேன். 10 கி.மீ. தூரத்தை 55 நிமிடங்களில் முடிக்கிறேன். இப்போது அணியும் ஷூ ஒவ்வொன்றும் 290 கிராம். ஜனவரியில் அரை மாரத்தான் ஓட இருப்பதால், 230 கிராமுக்குள் ஒன்று வாங்க விரும்புகிறேன். கடையில் போட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: 60 கிராம் குறைந்தால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வோம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓட்டக்காரர்களுக்குத் தெரியாதபடி ஷூக்களில் ஈயக் குண்டுகளை மறைத்து வைத்து அவர்களை ஓடச் செய்தார்கள். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடியபோது ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதமும், 3,000 மீட்டர் ஓடும் நேரம் ஏறத்தாழ 0.8 சதவீதமும் அதிகரித்தன. இதே விகிதம் உங்களுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், 60 கிராம் குறைவதால் 10 கி.மீ. ஓட்டத்தில் 15 விநாடி அளவுக்கு மிச்சமாகும். அது உண்மையான லாபம்தான். ஆனால் ஒரு கொப்புளமோ கெண்டைக்கால் பிடிப்போ அந்த 15 விநாடியையும் அதற்கு மேலும் ஒரே கிலோமீட்டரில் பறித்துவிடும்.

எடையைவிட மிட்சோலின் (பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையிலுள்ள மெத்தை அடுக்கின்) ஃபோம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கக்கூடியது. நைக்கி வேப்பர்ஃபிளை வகையின் மாதிரி ஷூவை 2017-இல் இதே பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, ஒப்பிட்ட ஷூக்கள் அனைத்தையும் கூடுதல் எடை சேர்த்து ஒரே எடைக்குக் கொண்டுவந்த பிறகே ஓட வைத்தார்கள். அப்படியும் அது சராசரியாக 4 சதவீத ஆற்றலை மிச்சப்படுத்தியது. அந்த லாபம் பீபா (PEBA) எனப்படும் இலேசான, நன்றாகத் துள்ளும் ஃபோமும் அதனுள் பதித்த விறைப்பான கார்பன் பிளேட்டும் (தகடு) சேர்ந்த அமைப்பிலிருந்து வந்ததே தவிர, எடைக் குறைவிலிருந்து வரவில்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் ஓடியவர்கள், நீங்கள் ஓடுவது மணிக்கு 11 கி.மீ. அளவில். எனவே பயிற்சிக்கென்று கார்பன் பிளேட் ஷூ வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டைப் பெட்டியிலோ இணையதளத்திலோ காணும் எடை பெரும்பாலும் ஆண்களுக்கான யூகே 8 அல்லது 8.5 அளவுக்கு உரியது. நீங்கள் 10 அணிபவர் என்றால் உங்கள் ஷூ அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே சமையலறைத் தராசில் நீங்களே நிறுத்துப் பாருங்கள். சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தின்போது காலில் வழியும் வியர்வை சாக்ஸ் வழியாக ஷூவுக்குள் இறங்கி, நாக்குப் பகுதியின் பஞ்சிலும் உள்தட்டிலும் குதிகாலைச் சுற்றிய மெத்தையிலும் தங்கிவிடுகிறது. பஞ்சு தடித்த ஷூ, உலர்ந்திருக்கும்போது எடை குறைவாக இருந்தாலும், பத்தாவது கிலோமீட்டரில் அப்படி இருக்காது. இப்போதைய ஷூவை ஓடும் முன்பும் ஓடி முடித்த உடனும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு ஈரம் பிடிக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்ததாக, அந்த எடை எந்த இடத்திலிருந்து குறைக்கப்பட்டது என்று பாருங்கள். ஷூவைத் திருப்பி அடிப்பகுதியைக் கவனித்தால், சிலவற்றில் முன்பாதத்துக்கும் குதிகாலின் வெளி விளிம்புக்கும் மட்டும் ரப்பர் ஒட்டி, மற்ற இடங்களில் ஃபோமை அப்படியே விட்டிருப்பார்கள். அந்த ஃபோம் ஜல்லி பெயர்ந்த தார்ச்சாலையில் சீக்கிரம் வெட்டுப்படும். விடியற்காலையில் வாசல் தெளித்திருக்கும் தெருக்களிலும், மழைக்காலச் சாலையிலும், வெள்ளைக் கோடுகளின் மேலும் அது பிடிமானம் தராமல் வழுக்கக்கூடும். பின்புறமிருந்து பார்த்துக் குதிகால் பகுதியின் அகலத்தையும் கவனியுங்கள். குதிகால் முதலில் தரையில் படும்படி ஓடுபவருக்கு, உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் அடிப்பாகம் திருப்பங்களில் தள்ளாட்டத்தைத் தரும். எடைக் குறைப்பின் எல்லை எதுவென்பதற்கு அடிடாஸ் 2023-இல் வெளியிட்ட அடியோஸ் ப்ரோ ஈவோ 1 நல்ல எடுத்துக்காட்டு. 138 கிராம் எடையுள்ள அந்த ஷூவை அணிந்து அந்த ஆண்டு பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 என்ற, பெண்களுக்கான அன்றைய உலக சாதனையைப் படைத்தார். ஆனால் அது ஒரேயொரு மாரத்தானுக்கு உழைப்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

கடைக்கு மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது அணியும் சாக்ஸுடன் செல்லுங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மெல்லிய மேல்துணி கொண்ட ஷூக்களில் குதிகால் மேலேறி நழுவுவதும், லேஸை இறுக்கினால் பாதத்தின் மேற்பகுதி நோவதும் அதிகம் காணப்படும் குறைகள். கடையின் டிரெட்மில்லில் ஓடிப் பார்ப்பது இந்த இரண்டையும் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். அதன் பட்டை சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் சாலையில் கால் எப்படி இறங்கும் என்பதை அது காட்டாது.

உண்மையான ஒப்பீடு சாலையில்தான் நடக்க வேண்டும். சாலையில் ஓடிய ஷூவைப் பெரும்பாலான கடைகள் திரும்பப் பெறுவதில்லை என்பதால், ஓட்டக் குழுவில் உங்கள் அளவு கால் உள்ளவரிடம் அந்த ஷூவை ஒருநாள் கேட்டு வாங்கிப் பார்ப்பதே சிக்கனமான வழி. மேடுபள்ளமும் சிக்னலும் இல்லாத ஒரு கி.மீ. நீளப் பாதையைத் தேர்ந்தெடுத்து, பழைய ஷூவுடன் ஒருமுறை, புதியதுடன் இரண்டு முறை, மீண்டும் பழையதுடன் ஒருமுறை என்ற வரிசையில், டெம்போ ஓட்டத்தின் (சற்றுக் கடினமான, ஆனால் சீராகத் தாக்குப்பிடிக்கக்கூடிய ஓட்டம்) வேகத்தில், இடையில் ஒரே அளவு ஓய்வு எடுத்து ஓடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேகம் மாறாமல் இருந்தாலும் நேரம் ஆக ஆக இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். முதலில் ஒரு ஷூவையும் பிறகு மற்றதையும் மட்டும் சோதித்தால், பின்னால் வந்தது வீணாகப் பழி சுமக்கும். மேற்சொன்ன வரிசையில் களைப்பு இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படுகிறது.

ஆனாலும் கைக்கடிகாரம் காட்டும் எண்களில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். அரை சதவீத வித்தியாசத்தைப் பிரித்தறியும் நுட்பம் அதற்குக் கிடையாது. நான்கைந்து துடிப்பு ஏறி இறங்குவதற்கு முந்தைய இரவின் தூக்கமே போதும். காதையும் காலையும் நம்புங்கள். காலடி ஓசை ஒரு ஷூவில் ‘தப், தப்’ என்று உரத்துக் கேட்கிறதா, திரும்பும்போது பாதம் ஷூவுக்குள் பக்கவாட்டில் நகர்கிறதா, கடைசி 200 மீட்டரில் முன்பாதத்துக்கடியில் தரை உறைக்கிறதா என்பவற்றை ஓடி முடித்ததும் எழுதி வையுங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிகாலும் கெண்டைக்காலும் எப்படி இருக்கின்றன என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் இதுவே மிக முக்கியமான குறிப்பு.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசமான ‘ட்ராப்’ பழைய ஷூவில் 10 மி.மீ., புதியதில் 4 மி.மீ. என்றிருந்தால், கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதல் சுமையை ஏற்க வேண்டியிருக்கும். சாக்கனி கின்வாரா போன்ற 4 மி.மீ. ஷூக்களை எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் எண்டார்ஃபின் ஸ்பீட் 8 மி.மீ. ட்ராப்பும் நைலான் பிளேட்டும் கொண்டது என்பதால், 10 மி.மீ. ஷூவுக்குப் பழகியவருக்கு மாற்றம் சுலபமாக இருக்கும். எதுவானாலும் முதல் இரண்டு வாரங்கள் வாரம் ஒருமுறை, 4 அல்லது 5 கி.மீ. மட்டும் ஓடி, பிறகு டெம்போ, இன்டர்வெல் (இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) நாட்களுக்கு அதை ஒதுக்குங்கள்.

பழைய ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். லக்சம்பர்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் கண்காணித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயங்கள் குறைவாகவே ஏற்பட்டன. மெதுவான ஓட்டங்களுக்கு 290 கிராம் ஷூவே இருக்கட்டும்.

அக்டோபருக்குள் வாங்கிவிட்டால், பந்தயத்துக்கு முன் 16 கி.மீ.க்குக் குறையாத நீண்ட ஓட்டம் இரண்டையாவது புதிய ஷூவில் ஓட அவகாசம் இருக்கும். அவற்றில் ஒன்று மழை ஈரத்தில் அமைந்தால் இன்னும் நல்லது. கடைசியில் இரண்டு ஷூக்கள் சமமாக நின்று, ஒன்று 20 கிராம் கூடுதலாகவும் குதிகாலில் அகலமாகவும் இருந்தால், அகலமானதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 20 கிராமுக்கு நீங்கள் அரை மாரத்தானில் கொடுக்கும் விலை ஏறத்தாழ 10 விநாடிதான்.