பாங்காக்கில் இறங்கி பஸ்ஸில் அங்கோர் போகலாமா?

கேள்வி: ஜனவரியில் நான், மனைவி, பத்து வயது மகன், 67 வயது அம்மா என நான்கு பேர் 11 நாள் கம்போடியா போக நினைக்கிறோம். பாங்காக்கில் இறங்கி, பஸ்ஸில் எல்லை கடந்து சியெம் ரீப், பட்டம்பாங், புனோம் பென், கடைசியில் சிஹானுக்வில் கடற்கரை, திரும்பும்போது கோ காங் வழியாகத் தாய்லாந்து, எல்லாமே தரை மார்க்கம் என்று எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். விசாவை எல்லையிலேயே எடுத்துவிடலாம், ஆளுக்கு 45 டாலர், அங்கே நம்ம ஆள் நிற்பார் என்கிறார். பாதிப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். கட்டலாமா? அங்கோருக்கு ஒரு நாள் டிக்கெட் போதுமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பணத்தை வங்கியிலேயே இருக்க விடுங்கள்.

அவர் கொடுத்திருப்பது பழைய திட்டம், தேதியை மட்டும் மாற்றி உங்களிடம் நீட்டியிருக்கிறார். பாங்காக்கிலிருந்து அரண்யபிரதேட், எல்லை தாண்டினால் பொய்பெட், அங்கிருந்து சியெம் ரீப் என்பது வருஷக்கணக்காக ஜனங்கள் போய்வந்த பாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025 மே கடைசியில் எல்லையில் இரண்டு நாட்டு ராணுவமும் சுட்டுக்கொண்டன. ஜூனில் தாய்லாந்து எல்லை வாசல்களைப் பயணிகளுக்கு மூடியது, ஜூலையில் ஐந்து நாள் பீரங்கி, விமானம் எல்லாம் இறக்கிச் சண்டை போட்டார்கள், அக்டோபரில் கோலாலம்பூரில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள், டிசம்பரில் மறுபடியும் ஆரம்பித்து மாதக் கடைசியில் மறுபடியும் போர்நிறுத்தம். இந்த லட்சணத்தில் ஒரு குடும்பத்துக்கு அந்த எல்லையை நம்பி டிக்கெட் போடுகிறவரை என்ன சொல்வது? திரும்பி வருவதற்கு அவர் சொல்லும் கோ காங் வழியும் அதே எல்லையின் தென்கோடிதான். "அதெல்லாம் சரியாயிடும் சார்" என்பார். திறந்துவிட்டோம் என்று இரண்டு அரசும் அறிவித்து, வண்டிகள் சில மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு அந்த வழியை யோசிக்கலாம்.

சரி, எல்லை திறந்தே இருந்தாலும் அந்த "நம்ம ஆள்" விஷயத்துக்காகவே நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பொய்பெட் பக்கம் அது எப்படி நடக்கும் என்று கேளுங்கள். பஸ் எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடையிலோ, வாசலில் கொடி, பலகை எல்லாம் வைத்துத் தூதரகம் மாதிரியே இருக்கும் ஒரு கட்டடத்திலோ நிற்கும். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொள்வார், எல்லையில் கூட்டம் அதிகம், இங்கேயே முடித்துவிட்டால் நல்லது என்பார். தொகையைத் தாய்லாந்துப் பணத்தில் சொல்வார், அதுவும் எதற்கென்றால் உங்களுக்குக் கணக்குப் பிடிபடக் கூடாது என்பதற்காக. கம்போடிய சுற்றுலா விசா 30 டாலர், 30 நாள், ஒரு முறை நுழையலாம். மிச்சமெல்லாம் அட்டைக்காரருக்கும், பஸ்காரருக்கும், உங்கள் ஊர் டிராவல்ஸ்காரருக்கும். அவரைத் தாண்டி உண்மையான கவுண்டருக்கே போனாலும், மேலே 30 டாலர் என்று பலகை தொங்கும், அதற்குக் கீழேயே சீருடையில் ஒருவர் இன்னும் நூறு பாட் கேட்பார். வருஷக்கணக்காகப் புகார் போகிறது, பலகையை மட்டும் பளபளப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

ஆன்லைனில் விசா எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்கிறேன், ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. தேடினால் முதலில் வரும் ஏழெட்டுத் தளங்கள் அரசு தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. முகவரி ஜி-ஓ-வி புள்ளி கே-எச் என்று முடிகிறதா என்று பாருங்கள். அப்படி முடியாத எதிலும் பாஸ்போர்ட் பக்கத்தை ஏற்றாதீர்கள். பையனுக்கும் தனி விசா வேண்டும். எல்லாருடைய பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதம் பாக்கி இருக்கட்டும். இது போக, விமானத்தில் போகிறவர்கள் வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது முழுக்க இலவசம். அதற்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். விசா ஒரு தளம், வருகை அட்டை ஒரு தளம், இரண்டிலும் அதே பெயர், அதே பாஸ்போர்ட் எண், அதே படம். கேட்டால் கணினிமயம்.

அப்படியானால் எப்படிப் போவது? தரை மார்க்கம் என்ற ஆசையை விட வேண்டாம், நாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக விமானத்தில் சியெம் ரீப் இறங்கி, சாலை வழியாக வடக்கிலிருந்து தெற்கே கடல்வரை போய், புனோம் பென்னில் விமானம் ஏறுங்கள். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. வியட்நாமிலிருந்து பஸ்ஸில் வரலாமே என்று யாராவது சொல்வார்கள், ஹோ சி மின் நகரிலிருந்து மொக் பாய், பவெட் எல்லை வழியாகப் புனோம் பென்னுக்கு வண்டி ஓடுகிறது. இன்னொரு விசா, இன்னொரு பஸ் உதவியாளர் பாஸ்போர்ட்டை மொத்தமாக வாங்கிக்கொண்டு போவது, அம்மாவோடு வரிசையில் நிற்பது. உங்களுக்கு வேண்டாம்.

சியெம் ரீப்பின் பழைய விமான நிலையம் ஊரை ஒட்டி இருந்தது. 2023 அக்டோபரில் திறந்த புதியது ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிலையத்து வாசலில் பேரம் பேசாமல் தங்கும் விடுதியிடம் முன்பே வண்டி சொல்லிவிடுங்கள்.

இப்போது அங்கோர் கோயில்களுக்கான டிக்கெட். ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் டிக்கெட்டையே எடுங்கள். அதைத் தொடர்ந்து மூன்று நாள் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளானாலும் சரி, நடுவில் அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம். டிக்கெட்டில் உங்கள் முகமே அச்சாகும், கோயிலுக்குக் கோயில் பார்ப்பார்கள். விடுதி வரவேற்பறையில் "மிச்சம் இருக்கிற டிக்கெட்" என்று யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால் அது காகிதம்தான். அதிகாரப்பூர்வ அலுவலகம் ஊருக்கும் கோயிலுக்கும் நடுவில் தனியாக இருக்கிறது, கோயில் வாசலில் விற்பதில்லை.

பையனுக்கு 12 வயதுக்குக் கீழ் என்பதால் டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். இங்கேதான் ஒரு சங்கதி, எந்த டிராவல்ஸ்காரரும் சொல்ல மாட்டார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கோர் வாட்டின் நடு உச்சியில், ஐந்து கோபுரங்களும் நிற்கிற மேல்தளத்துக்கு பாகன் என்று பெயர். டிக்கெட் இல்லாமல் உள்ளே வருகிற அதே 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அங்கே ஏற அனுமதி இல்லை. அழுதாலும், அப்பா தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றாலும் விட மாட்டார்கள். படி ஏணி மாதிரி செங்குத்து, பழைய கல்படிமேல் கைப்பிடியோடு மரப்படி போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் நூறு பேரைத்தான் மேலே விடுவார்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். அதோடு பௌத்த விரத நாட்களில் பாகன் மொத்தமாக மூடியிருக்கும். அது நிலாக் கணக்கு: வளர்பிறை எட்டாம் நாள், பௌர்ணமி, தேய்பிறை எட்டாம் நாள், அமாவாசை. உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் அஷ்டமியும் பௌர்ணமியும் அமாவாசையும் என்றைக்கு என்று பார்த்து, அந்த நாளையும் முன்பின் ஒரு நாளையும் தவிர்த்து அங்கோர் வாட்டை வையுங்கள், நம் திதிக்கும் அவர்கள் கணக்குக்கும் ஒரு நாள் தள்ளலாம். கோயில் மற்றபடி திறந்திருக்கும், உச்சி மட்டும்தான் கிடையாது.

நீங்களும் மனைவியும் முறை வைத்து ஏறுங்கள். கீழே காத்திருப்பவர் பையனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கச் சுற்று மண்டபத்துக்குப் போகலாம். தென்பாதியில் குருக்ஷேத்திரம் முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள், அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதைப் பையனையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வடபாதியில் இலங்கைப் போர், அனுமன் தோள்மேல் ராமன் நிற்கிறான். கைபட்டுக் கைபட்டுச் சில உருவங்கள் எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மின்னும், நீங்கள் தொடாதீர்கள். கைடிடம் "இது சோழர் கட்டியது" என்று வாட்ஸ்அப் சரித்திரத்தையும் எடுத்துவிடாதீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், கெமர் அரசன். நம் பங்கு வேண்டுமென்றால், 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கே பழுதுபார்த்தது, அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் பேயோன், தா ப்ரோம் கோயில்கள். மூன்றாம் நாள் பன்தேய் ஸ்ரேய், 967-ஆம் ஆண்டுக் கோயில், சின்னது, அம்மாவுக்கு ஏறி இறங்கும் வேலை குறைவு, சிற்பமோ விரல்நுனி அளவுக்கு நுணுக்கம். ஊருக்குள் துக்துக்குக்கு கிராப், பாஸ்ஆப் செயலிகள் வேலை செய்கின்றன. தொன்லே சாப் ஏரியில் படகுச் சவாரி என்று கூட்டிப்போய், நடுவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு கடையில் நிறுத்தினால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படகிலேயே இருங்கள். அந்த மூட்டை சாயங்காலமே கடைக்குத் திரும்பிவிடும் என்பது ஊரறிந்த கதை. அநாதை இல்லம் பார்க்க அழைத்தாலும் அதே பதில்.

சியெம் ரீப்பிலிருந்து புனோம் பென் ஆறாம் எண் சாலையில் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரவுப் படுக்கை பஸ் வேண்டாம். பகலில் வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு பேருக்குக் கட்டுப்படியாகும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். கம்போங் க்டேயில் அங்கோர் காலத்துச் செம்பூரான்கல் பாலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் நாகம் தலை விரித்து நிற்கும், பஸ்காரன் நிறுத்தவே மாட்டான். அப்புறம் கம்போங் தோமில் ஒரு இரவு தங்கி சம்போர் ப்ரேய் குக் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஈசானபுரம் என்று தலைநகராக இருந்த இடம், அங்கோர் வாட்டுக்கு ஐநூறு வருஷம் மூத்த செங்கல் கோயில்கள், சில எண்கோணமாக, சிலவற்றை வேர் அப்படியே கவ்விக்கொண்டு. இதற்கு அங்கோர் டிக்கெட் செல்லாது, தனியாகக் கட்டணம். 11 நாளில் பட்டம்பாங்கை விட்டுவிடலாம், வருத்தமில்லை.

புனோம் பென்னில் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் ஆட்களை அடைத்துச் சித்திரவதை செய்த துவோல் ஸ்லெங் சிறைக்குப் பையனைக் கூட்டிப்போக வேண்டாம், பெரியவர்கள் போய்வாருங்கள்.

கடற்கரைக்கு சிஹானுக்வில் என்று எழுதிக் கொடுத்தவர் அந்த ஊரைச் சமீபத்தில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சூதாட்ட விடுதிப் பணம் வந்து கட்டடமாகக் கொட்டி, 2019-இல் அரசு ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்ததும் பாதியில் விட்டுப்போனவை எலும்புக்கூடாக நிற்கின்றன. கோ ரோங் தீவுக்குப் படகேற மட்டும் அந்த ஊர், புனோம் பென்னிலிருந்து விரைவுச் சாலையில் இரண்டு மணி நேரம். உங்கள் குடும்பத்துக்கு கம்போட்டும் கெப்பும் போதும். ஆற்றங்கரை ஊர், மிளகுத் தோட்டம், கெப்பில் நண்டுச் சந்தை, சின்னக் கடற்கரை. அம்மா சைவம் என்றால் ஒவ்வொரு கடையிலும் மீன் சாறும் ப்ரஹோக் என்கிற புளித்த மீன் விழுதும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் காய்கறி என்றால் அதில் மீன் சாறு இருக்காது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. கம்போடியாவில் கணினி வேலை என்று நம் பிள்ளைகளைச் சுற்றுலா விசாவில் அனுப்பி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கதை தெரிந்திருக்கும். சுமார் 250 இந்தியர்களை மீட்டதாக 2024-இல் வெளியுறவுத் துறை சொன்னது. அதனால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி நாலு கேள்வி கேட்கலாம். அனுப்பிய ஏஜென்ட் ஊரில் ஜாலியாக இருக்க, வரிசையில் நிற்கிற குடும்பத்தைத்தான் துருவுவார்கள். திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு இரண்டையும் காகிதத்தில் வைத்திருங்கள். உங்கள் டிராவல்ஸ்காரர் "கூட ஒரு பையன் வருவான், ஒரே குழுவாகக் காட்டிக்கலாம்" என்று யாரையாவது சேர்க்கப் பார்த்தால் உடனே விலகிவிடுங்கள்.

கையில் டாலர் போதும், சில்லறைக்கு ரியெல் கொடுப்பார்கள், ஒரு டாலருக்குச் சுமார் 4,000. கிழிசல், பேனாக் கீறல், அழுக்கு இருக்கிற நோட்டைத் தொடக்கூட மாட்டார்கள். இங்கே மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து, ஐந்தும் பத்துமாக நிறையக் கேட்டு வாங்குங்கள்.

டிராவல்ஸ்காரரிடம் உறவு கெட வேண்டாம் என்றால் விமான டிக்கெட்டை மட்டும் அவரிடம் போடுங்கள். சியெம் ரீப் இறங்கி, புனோம் பென் ஏறுகிற மாதிரி. டிக்கெட் எண் உங்கள் கைக்கு வந்து, விமான நிறுவனத்தின் தளத்தில் நான்கு பெயரும் தெரிகிறதா என்று நீங்களே பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.