டெக்கில் ஏறும் கரடி: பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில், எடிசனிலிருந்து சசெக்ஸ் கவுண்டிப் (மாவட்டம்) பக்கம் வீடு வாங்கி வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த ஜூனில் மட்டும் மூன்று முறை கருங்கரடி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. போன வாரம், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்த பத்தாவது நிமிடம் வீட்டை ஒட்டிய மரத்தளமான டெக்கிலேயே ஏறி நின்றது. ஆறு வயதுப் பையன் இருக்கிற வீடு. அதைப் பிடித்துக் காட்டில் விடச் சொல்ல முடியுமா?

பதில்: கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தூரமாகக் கொண்டுபோய் விட்ட கரடி பல மைல் நடந்து பழைய இடத்துக்கே வந்துவிடுவது சகஜம். வராவிட்டாலும் உங்கள் தொட்டி அங்கேதானே இருக்கிறது, அடுத்தது வரும். நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளிலும் கரடி தென்பட்டாயிற்று, சசெக்ஸ் அதற்குச் சொந்த ஊர் மாதிரி.

ஜூனில் ஏன் இந்தத் தொல்லை? ஜனவரியில் பிறக்கும் குட்டி அடுத்த வருடக் கோடை தொடங்கும்வரை தாயோடு சுற்றும், தாய்க்கு மறுபடி இணை சேரும் காலம் வந்ததும் விரட்டப்படும். அப்படிப் போக்கிடம் தெரியாமல் தெருத்தெருவாக அலைகிற ஒன்றரை வயதுக் கரடியாகத்தான் உங்களுடையதும் இருக்கும் என்பது என் ஊகம். இந்த வயதில் எங்கே சுலபமாக வயிறு நிறைந்ததோ அந்த இடத்தை லேசில் மறக்காது. இலையுதிர் காலத்தில் இதே பிராணி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தேடித் தின்னும், அதனால் இப்போதே முந்திக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் குப்பையை நினைத்துப் பாருங்கள். மீன் கழுவிய பை, கோழித்தோல், அப்பளம் பொரித்த எண்ணெயைத் துடைத்த பேப்பர் டவல். இறைச்சிக் கழிவையெல்லாம் கட்டி ஃப்ரீசரில் போட்டு, வண்டி வரும் அன்று காலையில்தான் தொட்டிக்கு மாற்ற வேண்டும், தொட்டியையும் முந்தின இரவே தெருவில் வைக்காமல் காலையில்தான் வெளியே கொண்டுவர வேண்டும். மற்ற நாளில் அது கராஜுக்குள், கதவு மூடியபடி. கழுவும்போது அம்மோனியா ஊற்றலாம், ஆனால் ப்ளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். கிரில்லில் ஒட்டிய கொழுப்பை எரித்துச் சுரண்டிவிடுங்கள். காரில் பிஸ்கட் பாக்கெட் கூட வேண்டாம், பூட்டாத கார்க் கதவைத் திறக்கக் கரடிக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் பறவைத் தீனி தொங்கவிட்டிருந்தால் நீங்கள் பாடுபட்டதெல்லாம் பாதிதான் பலிக்கும். கொலராடோவின் டுராங்கோ ஊரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கரடி திறக்க முடியாத தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த பகுதிகளில் குப்பைத் தகராறு மற்ற பகுதிகளைவிட 60 சதவீதம் குறைவு. அதனால் தெருக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சரி, நேருக்கு நேர் நின்றால்? ஓடக்கூடாது, மரமும் ஏறக்கூடாது, அது நம்மைவிட நன்றாக ஏறும். பையனை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி, சத்தம் போட்டபடி பின்வாங்குங்கள். அது தப்பிப் போக ஒரு வழி இருக்கட்டும். டெக்கில் நின்றால் உள்ளேயிருந்து பாத்திரத்தைத் தட்டினாலே பெரும்பாலும் இறங்கிவிடும். 1900 முதல் 2009 வரை வட அமெரிக்கா முழுவதும் காட்டுக் கருங்கரடியால் உயிரிழந்தவர்கள் 63 பேர்தான், ஆனால் அபாயமே இல்லை என்று நினைக்கவும் முடியாது: 2014 செப்டம்பரில் இதே நியூ ஜெர்சியின் வெஸ்ட் மில்ஃபோர்ட் காட்டில் நண்பர்களோடு நடக்கப் போன கல்லூரி மாணவர் ஒருவர் கருங்கரடி தாக்கி இறந்தார். மேலே விழுந்து தாக்கினால் செத்தவர் போலப் படுக்க வேண்டாம், அது கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடிக்குச் சொல்வது. கையில் கிடைத்ததை எடுத்து மூக்கில் அடியுங்கள். வீட்டுக்குள் நுழைய முயன்றால் உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக அம்மா விஷயம். கரடிக்குத் தீனி போட்டால் இங்கே 1,000 டாலர் வரை அபராதம், காக்கைக்கு வைத்த சோறுதான் என்று சொல்லித் தப்ப முடியுமென்று எண்ண வேண்டாம். பறவைத் தீனியை டிசம்பரிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இங்குள்ள பொதுவான யோசனை. தை அமாவாசை அதற்குள் வந்துவிடும். ஆடி அமாவாசைக்கும் மகாளயத்துக்கும் வைத்தே தீர வேண்டும் என்றால் பகலில் ஒரு பிடி மட்டும், தட்டில். காக்கை தின்னும்வரை நீங்களும் கூடவே நில்லுங்கள், அப்புறம் தட்டை உள்ளே எடுத்து டெக்கைக் கழுவிவிடுங்கள்.