கயிறு அறுந்த பிறகு

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறேன். கோயிலில் சத்தியம் பண்ணி, கையில் கயிறு கட்டி, ஒன்றரை வருஷம் குடிக்காமல் இருந்தேன். ஆடியில் எங்கள் சுடலைமாடசாமி கோயில் கொடை. படையலில் வைத்த பிராந்தியைக் கூட்டாளி ஒருத்தன் நீட்டி, "ஏல, சாமி பிரசாதம்லே, ஒரு மடக்கு" என்றான். குடித்தேன். அன்று ராத்திரியே கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மூன்று வாரமாகத் தினமும் குடி. காலையில் கை நடுங்குகிறது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு முக்கூடலில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பக் கயிறு கட்டினால் நிற்குமா? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். யாரோ கொடுத்த மாத்திரையைக் குழம்பில் கலந்து தரலாமா என்று அம்மா பார்க்கிறாள். 9 வயது மகளிடம் என்ன சொல்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கயிற்றுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கை நடுக்கம். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, ராத்திரி போதை இறங்கியதும் பண்ணுகிற ரகளை அது. 'இன்றோடு விட்டேன்' என்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் பினாத்துவது, இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊர்வதாகத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகப் போவதும் உண்டு. டாக்டர் பார்வையில் நிறுத்தினால் இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். துணைக்கு ஒரு ஆளோடு பஸ்ஸில் போங்கள், லோடு வண்டியை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஊருக்குத் தெரிந்துவிடுமாம்! கொடையன்று ராத்திரி ஊருக்குத் தெரியாத எதைத் தம்பி ஆஸ்பத்திரி சொல்லிவிடப் போகிறது? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. நேரில் போகுமுன் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416க்குப் போன் போடுங்கள். அரசின் இலவச மனநல எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

உங்கள் அம்மாவிடம் இதை இன்றே காட்டுங்கள். குழம்பில் கலக்கும் வேலையே வேண்டாம். குடிக்கு எதிராகத் தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் தடாலென்று இறங்கும். தெரியாமல் விழுங்கியவன் செத்தும் போகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. உங்களுக்கு எது சரிப்படும் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சரி, கயிறு. அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஒன்றரை வருஷம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு மடக்கில் அது அறுந்துவிடும். அறுந்தபின் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. 'சத்தியமே போச்சு, இனி என்ன' என்ற நினைப்புதான் ஒரு மடக்கை மூன்று வாரமாக இழுத்திருக்கிறது. பழியை மாடன்மேல் போடாதீர்கள். தவறி விழுவது யாருக்கும் நடக்கும். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப், அறுவை சிகிச்சை நிபுணர். விட்டுவிட்டதாக நினைத்திருந்தவர், ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடியும் குடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பின் அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான் அந்த அமைப்பு இன்றுவரை தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது.

நீங்களும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள். தமிழில் நடக்கிறது, காசு கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். எங்கே, எந்தக் கிழமை என்பதை மனநலப் பிரிவிலேயே விசாரியுங்கள். அங்கே நான்கு தடவை விழுந்து எழுந்தவர் இருப்பார். அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமான காரியம் அதுதான்.

ஏனென்றால் உங்களுக்கு ஆபத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. லோடு இறக்கியாச்சு, பையில் வாடகைப் பணம், 'கட்டிங்குக்கு ஆள் இருக்கா' என்று கூட்டாளி ஒருத்தன் சுற்றிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் கயிறு பேசாது, போனில் ஆள் பேசுவார். குடித்த பிறகு கூப்பிட்டு அழுவதைவிட, ஆசை வந்த நிமிஷமே கூப்பிடுங்கள். வாடகையை நேராக அம்மா கணக்கில் போடச் சொல்லுங்கள். அடுத்த கொடைக்கு வரியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருங்கள்; சுடலை கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டாளிகள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும்.

மனைவியை உடனே கூட்டி வரப் போகாதீர்கள், அதுவும் குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்க முக்கூடல் பஸ் ஏறாதீர்கள். அவருக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற குழுக்கள் இருக்கின்றன, அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

மகளிடம் பொய் வேண்டாம். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, குடிச்சதால வந்தது, வைத்தியம் பாக்கேன், இதுக்கு நீ காரணம் இல்ல' என்று சொன்னால் போதும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது புரியும். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணாதீர்கள். அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு? நடுக்கம் அடங்கிய பிறகு, காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் கூப்பிட்டுப் பேசுங்கள். முதல் நாள் அவள் போனை வாங்காவிட்டால் மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.