எடை மேடையில் ஏற்றிப் பார்த்தீர்களா?

ஆஸ்திரேலியாவில் கோடை தொடங்கிவிட்டது. அங்குள்ள வாசகர்களின் கடிதங்களில் பாதிக்கு மேல் படகு ட்ரெய்லர் பற்றியவை.

கேள்வி: 4.8 மீட்டர் அலுமினியப் படகு வாங்கியிருக்கிறேன். விளம்பரத் தாளில் எடை 420 கிலோ. 750 கிலோ ட்ரெய்லரே தாராளம், பிரேக்கும் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (பிரிஸ்பேன்)

பதில்: வேண்டாம். இந்த விளம்பரத் தாள்கள் மீது எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. 420 கிலோ என்பது வெறும் கூட்டின் எடை. எஞ்சின் இல்லாமல் யார் படகைத் தண்ணீரில் விடுகிறார்கள்? 60 குதிரைத்திறன் எஞ்சின் சுமார் 115 கிலோ வரும். 70 லிட்டர் பெட்ரோல் 52 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, உயிர்காப்பு அங்கி எல்லாம் சேர்த்து 85 என்று வையுங்கள். ஆக மொத்தம் 672.

அப்புறம், 750 என்பது ட்ரெய்லர் தாங்கும் சுமை இல்லை. ட்ரெய்லர் தகட்டில் ஏடிஎம் (ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையின் உச்ச வரம்பு) என்று பொறித்திருக்கும் அந்த எண்ணில் ட்ரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். ட்ரெய்லர் 210 கிலோ என்றால் படகுக்கு மிஞ்சுவது 540தான். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். உங்கள் படகுக்குப் பிரேக் உள்ள 1200 கிலோ ட்ரெய்லர் பாருங்கள். வாங்கியபின் பெட்ரோல் நிரப்பி, சாமான்களையும் ஏற்றி, ஒரு முறை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ட்ரெய்லர் வாங்கிவிட்டேன். என் கார் எவ்வளவு இழுக்கும் என்று எங்கே பார்ப்பது? (பேர்த்)

பதில்: கார் கையேட்டில். வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: 14 மாதத்துக்கு முன் 4,800 டாலருக்குப் புது ட்ரெய்லர் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைப்பேன். ஸ்ப்ரிங் பட்டை துருவேறி நெடுஞ்சாலையில் உடைந்துவிட்டது. குழந்தைகள் காரில் இருந்தார்கள். ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது, தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்கிறது கடை. (ஜீலாங்)

பதில்: படித்ததும் மனம் பதறியது. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. வாரண்டி வேறு, ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. கடலில் இறக்குவதற்கென்றே விற்ற ட்ரெய்லர் நியாயமான காலம் உழைக்க வேண்டும். விற்ற கடை உங்களைத் தயாரிப்பாளரிடம் தள்ளிவிட முடியாது. பெரிய பழுது என்றால் பணமா, மாற்று ட்ரெய்லரா என்று தீர்மானிப்பது நீங்கள்தான். உடைந்த பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, ரசீதோடு கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் உங்கள் மாநிலத்தின் விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறை இருக்கிறது, அதற்கு மேல் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் விகாட் என்ற மாநிலத் தீர்ப்பாயம். விடாதீர்கள்.

கேள்வி: 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. (நியூகாசில்)

பதில்: பின்பாரம் கூடியிருக்கும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ட்ரெய்லரை மாட்டும் காரின் கொக்கிக் குண்டில் இறங்க வேண்டும். படகை முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள். சரிசெய்யும்வரை நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பழைய ட்ரெய்லர் ஒன்று 900 டாலருக்கு வருகிறது. புதிதாக வர்ணம் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. (கெய்ர்ன்ஸ்)

பதில்: அந்தப் பளபளப்பை நம்பி நான் ஒன்று வாங்கினேன். ஆறே மாதத்தில் குறுக்குச் சட்டத்தில் கால் வைத்தேன், உள்ளே போய்விட்டது. சதுரக் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கிறது; வெளியே தெரியவே இல்லை. சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள், மங்கிய சத்தம் வரும் இடம் அரித்துப்போன இடம். துருவேறாமல் இருக்கத் துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமாக இருந்தால் நல்லது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும் சொல்லும். விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணை வைத்து, அடமானப் பொருட்களுக்கான அரசின் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் தேடுங்கள், 2 டாலர்தான் ஆகும். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: ஒரே கோடையில் இரண்டு முறை ட்ரெய்லரின் சக்கரப் பேரிங் போய்விட்டது. மட்டமான சரக்கா? (ஹோபார்ட்)

பதில்: ஓட்டி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். சூடான ஹப் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பாகம்) சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கைவைத்துப் பார்த்து, சூடு ஆறியபின் இறக்குங்கள்.