எக்ஸ்ரேயோடு நிறுத்திவிடாதீர்கள்

அப்பாவுக்கு 72 வயது, 40 வருட சிகரெட், இரண்டு மாத இருமல், சளியில் ரத்தக் கீற்று, ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நுரையீரல் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும்; இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, இந்த வாரமே சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ரத்தம் கூடினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கட்டி தெரிந்தாலும் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) பார்க்காமல் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. பழைய காசநோய்த் தழும்பும் அப்படித் தெரியலாம்.

அப்புறம், "இந்த வயசுல எதுக்கு வைத்தியம்" என்று சித்தப்பா சொன்னாராமே, அது தப்பு. வயதைவிட மூச்சுத்திறன் சோதனையும், அப்பா தானாக மாடி ஏறுகிறாரா என்பதும்தான் முக்கியம். ஆரம்பக் கட்டம் என்றால், அறுவை சிகிச்சை தாங்காதவருக்கும் கட்டியை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சு உண்டு. சில நாள் சிகிச்சைதான். சிகரெட்டை இப்போது விட்டாலும் பலன் இருக்கிறது.